சிவப்புக் குள்ள இரட்டை விண்மீன்களின் சுற்றுப்பாதையை அளப்பது எப்படி?

சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் விண்மீன்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று சிவப்புக் குள்ளர்கள், அதாவது சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த, மங்கலான விண்மீன்கள். ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இவற்றின் நிறையை அறிய நம்பகமான வழி, ஒன்றையொன்று சுற்றும் ஜோடிகளின் பாதையை அளப்பதுதான். சிறிய விண்மீன்களின் நிறைக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பு பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படி அளந்து வந்ததே. 200 மி.மீ. தொலைநோக்கியும் ஒரு கருப்பு வெள்ளை கேமராவும் இருந்தால் நீங்களும் இந்த வேலையில் சேரலாம்.

ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டியவை மூன்றே: இரண்டு விண்மீன்களுக்கும் இடையிலான கோண இடைவெளி (வில்விநாடியில், அதாவது பாகையின் 3600-ல் ஒரு பங்கில்; இனி 'விநாடி' என்றால் இதுதான், நேரத்துக்கு 'நொடி'), பிரகாசமானதிலிருந்து மங்கலானது எந்தத் திசையில் இருக்கிறது என்ற நிலைக்கோணம் (வடக்கே 0°, கிழக்கே 90°), அளந்த தேதி. இந்த மூன்றையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்தால் பாதை கிடைக்கும்.

படி 1: ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குபவர்களுக்கு க்ரூகர் 60-ஐத்தான் பரிந்துரைப்போம். தொலைவு சுமார் 13 ஒளியாண்டு, சுற்றுக்காலம் சுமார் 44.7 ஆண்டு. பிரகாச அளவான மேக்னிட்யூடில் (எண் கூடினால் மங்கல்) 10-ஐ ஒட்டி ஒன்று, 11.4 அளவில் மற்றொன்று. சராசரியாக ஆண்டுக்கு 8° நகர்கிறது. இடைவெளி 2 விநாடியாக இருக்கும்போது அது 0.28 விநாடி நகர்வு. அதாவது அடுத்த ஆண்டே மாற்றத்தை உங்கள் சொந்தப் படத்தில் காணலாம். பாதையை ஏறக்குறைய மேலிருந்து பார்ப்பதுபோல் பார்க்கிறோம் என்பதால் இடைவெளி ஏறத்தாழ 1.4 முதல் 3.4 விநாடிக்குள்ளேயே இருக்கும். ஜோடி ஒருபோதும் ஒன்றாகக் கலந்துவிடாது. வானியலாளர் பார்னார்ட் 1908 முதல் 1920 வரை எடுத்த படங்களிலேயே இந்தச் சுழற்சி தெளிவாகத் தெரிந்தது.

கை பழகுவதற்கு டிராகோ விண்மீன் குழுவில் உள்ள ஸ்ட்ரூவ 2398 நல்லது. இடைவெளி 11 விநாடியை ஒட்டி இருப்பதால் பிரிப்பது எளிது, ஆனால் அதன் பாதை முழுதாகச் சுற்றப் பல நூற்றாண்டுகள் ஆகும். தெற்கு வானம் நன்றாகத் தெரிபவர்களுக்கு லூய்ட்டன் 726-8 உண்டு: சுமார் 26.5 ஆண்டு சுற்று, இரண்டும் மேக்னிட்யூட் 12-ஐத் தாண்டியவை, எனவே 250 மி.மீ.க்கு மேல் வேண்டும். வுல்ஃப் 424, ராஸ் 614 இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். முன்னது ஒரு விநாடிக்குள் நெருங்கியது. பின்னதில் துணை மீன் 3 மேக்னிட்யூட் மங்கல்.

படி 2: கருவியை அமையுங்கள்

பிக்சல் ஒன்றுக்கு எத்தனை விநாடி என்று முதலில் கணக்கிடுங்கள்: 206.265 × பிக்சல் அளவு (மைக்ரான்) ÷ குவியத் தொலைவு (மி.மீ.). 2000 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் இருமடங்கு பார்லோ (குவியத் தொலைவைக் கூட்டும் வில்லை), 3.75 மைக்ரான் பிக்சல் என்றால் 0.193 விநாடி வரும். 0.1 முதல் 0.2 வரை இருந்தால் நல்லது. 0.4-க்கு மேல் போனால் நெருங்கிய ஜோடியின் மையங்களைப் பிரித்து எடுக்க முடியாது.

685 நானோமீட்டருக்கு மேல் விடும் அகச்சிவப்பு ஃபில்டரைப் போடுங்கள். சிவப்புக் குள்ளர்கள் அங்கே கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட 2 மேக்னிட்யூடுக்கும் அதிகமாகப் பிரகாசிக்கும். காற்றின் கொதிப்பும் நீண்ட அலையில் குறைவு. வானம் ஒளியை நிறம் நிறமாகச் சிதறடிப்பதும் பெருமளவு அடங்கும். ஃபில்டர் இல்லாமல் 45° உயரத்தில் அந்தச் சிதறல் ஒரு விநாடிக்கும் மேல் போகலாம். ஒரு விலையும் உண்டு: 200 மி.மீ. தொலைநோக்கியின் பிரிதிறன் 750 நானோமீட்டரில் சுமார் 0.94 விநாடி. க்ரூகர் 60-க்கு அது போதும்.

தேடும்போது கவனம்: இந்த விண்மீன் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 விநாடி வானில் இடம்பெயர்கிறது. பழைய வரைபடத்தின் 2000-ம் ஆண்டு இடத்தை அப்படியே நம்பினால் சிறிய கேமரா புலத்தில் அருகிலுள்ள வேறொரு மீனை அளந்துவிடுவீர்கள். டெல்டா செஃபை என்ற பிரகாசமான விண்மீனிலிருந்து சுமார் 43 வில்நிமிடம் தெற்கே வந்தால் கிடைக்கும்.

படி 3: அளவையும் திசையையும் திருத்துங்கள்

ஒரு சுற்றுப்பாதை அளவீடு தேறுவதும் தேறாததும் இந்தப் படியில்தான். ஆயிரம் ஃப்ரேம்களைச் சராசரி எடுத்தால் காற்றால் வரும் பிழை குறையும். பிக்சல் அளவில் 2% தவறு இருந்தால் எத்தனை ஃப்ரேம் எடுத்தாலும் அது 2% தவறாகவே நிற்கும். கடைசியில் நிறைக் கணக்கில் 6% ஆகிவிடும். கோணத்தில் 1° தவறினால் 2 விநாடி இடைவெளியில் அது 0.035 விநாடி. அட்டவணையில் போட்டிருக்கும் குவியத் தொலைவைப் பயன்படுத்தவே வேண்டாம்.

வழி எளிது. டெல்டா செஃபையைப் புலத்தின் கிழக்கு ஓரத்தில் வைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். விண்மீன் மேற்கு நோக்கி நழுவும். அதன் வேகம் நொடிக்கு 15.041 × காஸ்(நடுவரை விலக்கம்) வில்விநாடி; நடுவரை விலக்கம் என்பது வான நடுக்கோட்டிலிருந்து விண்மீன் இருக்கும் கோணத் தூரம். டெல்டா செஃபையின் விலக்கம் +58.4° என்பதால் நொடிக்கு 7.88 வில்விநாடி. மேலே சொன்ன அமைப்பில் 1280 பிக்சல் அகலமுள்ள புலத்தைக் கடக்க 31 நொடி ஆகும், நொடிக்குச் சுமார் 41 பிக்சல்.

ஒவ்வொரு ஃப்ரேமிலும் விண்மீனின் மையத்தை எடுத்து, நேரத்தோடு சேர்த்து ஒரு நேர்கோடு பொருத்துங்கள். கோட்டின் சாய்வு மேற்குத் திசையைத் தரும். நொடிக்கு எத்தனை பிக்சல் என்பது அளவைத் தரும். தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் மட்டும் எடுத்தால் காற்றின் ஆட்டத்தால் கோணம் 0.2° வரை தவறும். எல்லாப் புள்ளிகளையும் பொருத்தி, பத்து முறை நழுவவிட்டுச் சராசரி எடுத்தால் 0.1°-க்குள் வந்துவிடும்.

இங்கே வழக்கமாகக் கெடுவது இவைதான். ஃப்ரேம்கள் விடுபட்டு நேரம் குழம்புவது: ஒவ்வொரு ஃப்ரேமின் நேர முத்திரையையும் பாருங்கள், ஃப்ரேம் எண்ணிக்கையை நேரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்லோவைக் கழற்றி மாட்டுவது: கேமராவுக்கும் அதற்கும் இடைவெளி மாறினால் பெருக்கமும் மாறும். முதன்மை ஆடியை நகர்த்திக் குவிக்கும் தொலைநோக்கிகளில் குவியத்தைத் திருத்தினாலே குவியத் தொலைவு மாறும். ஆகவே ஒவ்வொரு இரவும், குவியத்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும், திருத்தத்தை மறுபடி எடுங்கள். கேமராவை இடையில் திருப்பவே கூடாது.

வடக்கு எந்தப் பக்கம் என்பதையும் உறுதிசெய்யுங்கள். தொலைநோக்கியை வடக்கே சிறிது நகர்த்தினால் விண்மீன் படத்தில் தெற்கே போகும். மூலை ஆடி வழியாகப் பார்க்கும் படம் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் நிலைக்கோணம் தலைகீழாகும், 143° என்பது 217° ஆகப் பதிவாகும்.

படி 4: பதிவு செய்யுங்கள்

ஜோடி வானில் உச்சத்தை நெருங்கும் நேரத்தில் தொடங்குங்கள். 256 × 256 பிக்சல் பகுதியை மட்டும் எடுத்து, ஃப்ரேமுக்கு 20 முதல் 40 மில்லிநொடி கொடுங்கள். நல்ல ஃப்ரேம்களில் பிரகாசமான மீனின் உச்சி, கேமராவின் எல்லையில் 60–70%-ஐத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். 2000 ஃப்ரேம் கொண்ட ஆறு தொகுப்புகள் போதும். ஒவ்வொன்றிலும் கூர்மையான 5–10%-ஐ மட்டும் அடுக்குங்கள். அளப்பதற்கு முன் படத்தைக் கூர்மையாக்கும் எந்த வேலையும் செய்யாதீர்கள். அது மையத்தை நகர்த்திவிடும்.

க்ரூகர் 60-ன் மங்கலான மீன் அவ்வப்போது திடீரென வெடித்துப் பிரகாசிக்கும் வகை. அப்படி ஒரு தொகுப்பு அகப்பட்டால் ஒதுக்கிவிடாதீர்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள். லூய்ட்டன் 726-8-ல் இது பெரிய சிக்கல்: இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசம், இரண்டும் வெடிப்பவை, எனவே எது முதல் மீன் என்பதே குழம்பி 180° பிழை நுழையும்.

படி 5: அளவிடுங்கள்

இதற்கு ரெடக், அஸ்ட்ரோஇமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. மீன்களின் பிம்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே படிந்திருந்தால் தனித்தனியாக மையம் எடுக்காதீர்கள்; ஒன்றின் ஒளி மற்றதன் மையத்தை இழுத்து, இடைவெளியைக் குறைத்துக் காட்டும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பிம்ப வடிவத்தைப் பொருத்தும் முறையே சரி.

ஓர் உதாரணம். திசை திருத்திய பிறகு துணை மீன் கிழக்கே +1.20, வடக்கே −1.60 விநாடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி இரண்டின் வர்க்கக் கூட்டலின் வர்க்கமூலம், அதாவது 2.00. கோணத்துக்குக் கிழக்கை வடக்கால் வகுத்து டான் நேர்மாறு எடுத்தால் கணிப்பான் −36.87° என்று காட்டும். துணை மீன் தென்கிழக்கில் இருப்பதால் 180° கூட்ட வேண்டும்: 143.13°. தொடங்குபவர்கள் அடிக்கடி தவறுவது இந்த 180°-ல்தான்.

ஆறு தொகுப்புகளின் சிதறலை ஆறின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் பிழை. அதோடு திருத்தத்தின் பிழையையும் சேர்த்தே எழுதுங்கள். தேதியைப் பின்ன ஆண்டாகக் குறியுங்கள்: 2000 + (ஜூலியன் நாள் − 2451545) ÷ 365.25. ஜூலியன் நாள் என்பது வானியலாளர்கள் பயன்படுத்தும் தொடர் நாள் எண்.

படி 6: பழைய அளவீடுகளைச் சேருங்கள்

44 ஆண்டுச் சுற்றைத் தனியாளாக முடிப்பது பெரும்பாலோருக்குக் கூடிவராது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கும் வாஷிங்டன் இரட்டை விண்மீன் அட்டவணையில் க்ரூகர் 60-ன் எண் 22280+5742. நூற்றாண்டுக்கும் மேலான அளவீடுகள் அதற்கு உண்டு, அவற்றோடு உங்களுடையதைச் சேர்க்கிறீர்கள்.

சேர்க்கும் முன் ஒரு திருத்தம். பழைய நிலைக்கோணங்கள் அந்தந்த ஆண்டின் வடக்கிலிருந்து அளந்தவை. பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் வடக்குத் திசையே மாறியிருக்கிறது. 0.00557° × சைன்(வல ஏற்றம், அதாவது வானில் கிழக்கு நோக்கி அளக்கும் ஆயம்) ÷ காஸ்(விலக்கம்) × (2000 − ஆண்டு) என்பதைக் கோணத்தோடு கூட்டுங்கள். க்ரூகர் 60-க்கு இது நூறாண்டில் சுமார் −0.4°. நழுவவிட்டு எடுத்த உங்கள் கோணத்துக்கும் இதே திருத்தம் உண்டு.

பிறகு எடை கொடுங்கள்: பிழையின் வர்க்கத்தின் தலைகீழ். பழைய கண்பார்வை அளவீட்டுக்கு 0.1 விநாடி பிழையும் உங்களுடையதற்கு 0.04-ம் என்றால், உங்களுடையதற்கு ஆறு மடங்கு எடை. எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். இடைவெளியின் வர்க்கத்தை ஆண்டுக்கான கோண மாற்றத்தால் பெருக்கினால் பாதை முழுதும் ஒரே எண் வர வேண்டும், கெப்ளரின் பரப்பு விதிப்படி. தள்ளி நிற்கும் புள்ளியில் 180° குழப்பமோ எழுத்துப் பிழையோ இருக்கும்.

படி 7: பாதையைப் பொருத்துங்கள்

அறிய வேண்டியவை ஏழு: சுற்றுக்காலம், மிக நெருங்கிய தேதி, வட்டவிலகல் (பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு), அரைப் பேரச்சு (நீள்வட்டத்தின் நீண்ட அச்சில் பாதி), சாய்வு, இரண்டு திசைக்கோணங்கள். ஏழையும் ஒன்றாகத் தேடினால் கணக்கு எங்கோ சிக்கிக்கொள்ளும். முதல் மூன்றை மட்டும் ஊகியுங்கள். மீதி நான்கும் சாதாரண நேரியல் சமன்பாடாகிவிடும்.

ஊகித்த காலத்தையும் தேதியையும் வைத்து ஒவ்வோர் அளவீட்டுக்கும் சராசரிக் கோணத்தைக் கணக்கிடுங்கள்: 2π × (அளந்த தேதி − மிக நெருங்கிய தேதி) ÷ சுற்றுக்காலம். 'விலகு கோணம் − வட்டவிலகல் × சைன்(விலகு கோணம்) = சராசரிக் கோணம்' என்ற கெப்ளர் சமன்பாட்டை ரேடியனில், நியூட்டன் முறையில் தீருங்கள்; சில சுற்றுகளில் முடிந்துவிடும். அதிலிருந்து இரண்டு எண்கள்: காஸ்(விலகு கோணம்) − வட்டவிலகல் முதலாவது, (1 − வட்டவிலகலின் வர்க்கம்) என்பதன் வர்க்கமூலம் × சைன்(விலகு கோணம்) இரண்டாவது. வடக்கு விலகல் = அ × முதலாவது + இ × இரண்டாவது. கிழக்கு விலகல் = ஆ × முதலாவது + ஈ × இரண்டாவது. அ, ஆ, இ, ஈ ஆகிய நான்கையும் மீச்சிறு வர்க்க முறையில் எடுங்கள். இவையே தீலே-இன்னஸ் மாறிலிகள்.

காலத்தை 40–50 ஆண்டுக்குள் 0.1 படியாகவும், தேதியை 2010–2020-க்குள் 0.1 படியாகவும், வட்டவிலகலை 0.2–0.6-க்குள் 0.01 படியாகவும் மாற்றினால் சுமார் 4 லட்சம் கணக்குகள். பைத்தானில் மடிக்கணினியே செய்துவிடும். எச்சம் (அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வேறுபாடு) மிகக் குறைந்த இடத்தை எடுத்து, அதைச் சுற்றி நுட்பமாக மறுபடி தேடுங்கள். அரைப் பேரச்சுக்கு: நான்கின் வர்க்கக் கூட்டலில் பாதி 'க' என்றும், அ×ஈ − ஆ×இ 'ம' என்றும் வைத்தால், அரைப் பேரச்சின் வர்க்கம் = க + (கவின் வர்க்கம் − மவின் வர்க்கம்) என்பதன் வர்க்கமூலம். சாய்வின் காஸ் = ம ÷ அரைப் பேரச்சின் வர்க்கம். ம எதிர்க்குறியில் வந்தால் பயப்பட வேண்டாம். நிலைக்கோணம் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகிறது என்று பொருள், க்ரூகர் 60 அப்படித்தான்.

அளவீடுகள் பாதையின் சிறு வில்லை மட்டுமே தொட்டிருந்தால், நீண்ட காலமும் பெரிய அச்சும் கொண்ட பாதை, குறுகிய காலமும் சிறிய அச்சும் கொண்ட பாதை இரண்டுமே அழகாகப் பொருந்தும். ஸ்ட்ரூவ 2398-ல் இதை நேரே பார்க்கலாம். எச்சம் குறைவாக இருப்பதே பாதை சரி என்பதற்குச் சான்றாகாது. எந்தெந்தக் காலங்கள் ஏறக்குறைய அதே எச்சத்தைத் தருகின்றன என்று வீச்சையும் எழுதுங்கள்.

படி 8: நிறையைக் கணக்கிடுங்கள்

அரைப் பேரச்சை இடமாறு கோணத்தால் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்) வகுத்தால், அதன் உண்மை நீளம் வானியல் அலகில் (பூமி–சூரியன் தொலைவில்) கிடைக்கும். க்ரூகர் 60-க்கு அரைப் பேரச்சு 2.38 விநாடி, கையா விண்கலம் தந்த இடமாறு கோணம் 0.250 விநாடி: 9.52 வானியல் அலகு. அதன் கனத்தைச் சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இரண்டின் மொத்த நிறை: 863 ÷ 1998, அதாவது 0.43 சூரிய நிறை. அரைப் பேரச்சில் 1% பிழை நிறையில் 3%, காலத்தில் 1% பிழை 2%. கையா தரும் எண்ணை எடுக்கும்போது அதன் பொருத்தக் குறியீடு (RUWE) 1.4-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நெருங்கிய ஜோடிகளில் சுற்றுவதாலேயே இடமாறு கோணமும் கோணலாகலாம்.

இது இரண்டின் கூட்டு நிறை மட்டுமே. தனித்தனி நிறை வேண்டுமென்றால் பின்னணி மீன்களை ஒப்பிட்டு முதல் மீனின் சொந்த ஆட்டத்தையும் பல ஆண்டு அளக்க வேண்டும். அதற்குப் பார்லோ இல்லாத அகன்ற புலமும் நீண்ட எக்ஸ்போஷரும் தேவை. எனவே ஒவ்வொரு பருவத்திலும் ஜோடியை அளந்து முடித்ததும், பார்லோவைக் கழற்றிவிட்டு இருபது அகன்ற படங்களையும் எடுத்து, தேதியோடு சேமித்து வையுங்கள்.