பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: கையடக்கத் திரைக்கு வந்த பிளாட்போர்ம் கேம்கள்

புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டியிலோ கையடக்க கேம் கருவி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இதிலே மரியோ இருக்கா, சோனிக் இருக்கா?" என்றுதான். பெயர் இருந்தால் கேமும் அதேதான் என்று நம்புவதில் தொடங்குகிறது சிக்கல். ஓடித் தாவும் விளையாட்டின் உயிர், முன்னால் வருவது எவ்வளவு தூரத்திலேயே கண்ணில் படுகிறது என்பதில் இருக்கிறது. திரை சுருங்கும்போது முதலில் பறிபோவது அதுதான்.

1992இல் வந்த சோனிக் 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிவியில் இணைத்து விளையாடும் சேகா மாஸ்டர் சிஸ்டத்தில் திரை 256×192 புள்ளிகள். சேகாவின் கையடக்கக் கருவியான கேம் கியரில் 160×144. உருவங்களைச் சிறிதாக்காமல் ஓரங்களை வெட்டிவிட்டார்கள். முதல் மண்டல முடிவில், சரிவொன்றில் நிற்கும் சோனிக்கை நோக்கிப் பந்துகள் துள்ளி வரும். மாஸ்டர் சிஸ்டத்தில் அவை வருவதைப் பார்த்து விலகலாம். கேம் கியரிலோ பந்து கண்ணில் படும்போது அநேகமாக மேலேயே விழுந்துவிடும். அந்த இடத்தில் தோற்றுப் போன பிள்ளைகள் தங்களுக்குத் திறமை இல்லை என்று நினைத்திருப்பார்கள். பிழை அவர்களுடையது இல்லை.

இதே நெருக்கடியைப் பொறுப்போடு கையாண்டவர்களும் உண்டு. 1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸ், 1999இல் 'டீலக்ஸ்' என்று நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் போய் கலருக்கு வந்தபோது அங்கேயும் படம் வெட்டுப்பட்டது. ஆனால் மேலேயும் கீழேயும் திரையை நகர்த்திப் பார்க்க வழி வைத்தார்கள். குறை முழுதாகத் தீரவில்லை. என்றாலும் விளையாடுகிறவனை நினைத்துச் செய்த வேலை அது.

அடுத்த தவறு, படம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. 1995இல் கேம் போய்க்கு வந்த டொங்கி கொங் லேண்ட், டிவியில் ஆடும் கொன்சோல் கேமின் முப்பரிமாணத் தோற்றத்தை நான்கு சாயல் மட்டுமே உள்ள திரைக்குள் அடைக்கப் பார்த்தது. அசையாத படமாகப் பார்த்தால் பிரமிப்புதான். ஓடத் தொடங்கியதும் குரங்கு எது, பின்னணி எது என்று கண் தடுமாறும்.

நிறத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. 2001இன் முதல் கேம் போய் அட்வான்ஸ் (ஜிபிஏ) திரைக்கு உள்விளக்கே கிடையாது. அதனால் சூப்பர் நின்டெண்டோ என்ற டிவி கொன்சோலிலிருந்து வந்த கேம்களின் நிறங்களை வேண்டுமென்றே வெளிற வைத்தார்கள். மாலையில் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ரயிலில் கடல் பக்க யன்னலோரம் இருந்து விளையாடிப் பாருங்கள். வெளிச்சம் குறையக் குறைய அந்தத் திரை இருண்டுவிடும். ஆகவே ஜிபிஏ பதிப்பைப் புதிய கருவியில் போட்டுவிட்டு நிறம் சரியில்லை என்று ஒதுக்க வேண்டாம். பழைய கேம்களைப் புதிய கருவியில் ஓட்டும் மென்பொருளான எமுலேட்டர்கள் பலவற்றில் நிறத்திருத்தம் இருக்கிறது, அதைப் போட்டால் போதும்.

பட்டன்களை எண்ணாமல் விடுகிறவர்களும் அதிகம். சூப்பர் நின்டெண்டோவில் முகப்பில் நான்கு, ஜிபிஏயில் இரண்டு. சூப்பர் மரியோ வேர்ல்டின் சுழல் தாவல் அதனால் தோள் பட்டனுக்குப் போனது, பழகிவிடலாம். நின்டெண்டோ டிஎஸ் கையடக்கக் கருவிக்கு வந்த சூப்பர் மரியோ 64 டிஎஸ் (2004) அப்படியில்லை. சாய்க்கிற அளவுக்கேற்ப வேகம் மாறும் அனலொக் குச்சி இல்லாத கருவியில், குச்சிக்காகவே பிறந்த கேம். மெல்ல நடப்பதற்கும் ஓடுவதற்கும் இடையிலிருந்த நயம் அதில் தொலைந்துவிட்டது.

வேகம் தடுமாறினால் உடனே கருவியைக் குறை சொல்வதும் சரியில்லை. சோனிக் வரிசையின் முதல் கேம் 2006இல் ஜிபிஏக்கு வந்தபோது திணறித் திணறி ஓடியது. பின்னர் ரசிகர் ஒருவர் அதே ஜிபிஏயில் அதைச் சரளமாக ஓட்டிக் காட்டினார். வன்பொருளுக்கு வலு இருந்தது, வேலையில்தான் அக்கறை இல்லை.

நாமே செய்கிற பிழை ஒன்று உண்டு: திரை நிறைய வேண்டும் என்று படத்தை இழுத்துப் பெருப்பிப்பது. ஜிபிஏ படம் 240×160. 720×480 திரையில் அது சரியாக மூன்று மடங்கு, ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவு. 640×480 திரையில் மூன்று மடங்கு கொள்ளாது. அகலம் நிறைய இழுத்தால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் போய், திரை நகரும்போது விளிம்புகள் நடுங்கும். இரண்டு மடங்கில் நிறுத்தினால் சுற்றிவரக் கறுப்பு ஓரம் விழும், தெளிவு கிடைக்கும். நான் தெளிவின் பக்கம். பழைய டிவி வடிவிலான 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுப்பது இன்னும் மோசம். மரியோ குண்டாவதோடு, பள்ளத்தின் அகலமும் கண்ணுக்குப் பொய் சொல்லும்.

கடைசியாக, கையடக்கப் பதிப்பு என்றாலே குறைப் பதிப்பு என்று ஒதுக்காதீர்கள். 1994இல் கேம் போய்க்கு வந்த டொங்கி கொங், காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரத்தின் நான்கு கட்டங்களோடு தொடங்கும். அதோடு முடிந்தது என்று நினைக்கும்போது இன்னும் 97 கட்டங்கள் திறக்கும். ஒவ்வொன்றும் அந்தச் சின்னத் திரையை அளந்து கட்டியது. ஏணி, சாவி, கதவு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், ஒரு பஸ் பயணத்துக்குள் சில கட்டங்களை முடிக்கலாம். புதுக் கருவி வாங்கினால் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்.