ஒரு சோறு பதம் போதாது: தரக் கட்டுப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குச் சரி. எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது. ஆயிரம் உருப்படி கொண்ட ஒரு லாட், அதாவது ஒரே தொகுதியாகச் செய்து வரும் சரக்கு, அப்படி வருவதில்லை. டூல் மாற்றியதும் வந்த முதல் பத்து, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அவசரமாக ஓட்டிய கடைசி நாற்பது என்று பழுது அங்கங்கே கொத்தாக உட்கார்ந்திருக்கும். பெட்டியின் மேல்தட்டிலிருந்து ஐந்தை எடுத்துப் பார்த்து 'ஓகே' முத்திரை குத்துவதுதான் மிகப் பரவலான தவறு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லாட்டில் 2 சதவீதம் பழுது என்றால், ஐந்து எடுத்தால் ஐந்துமே நல்லதாக வர வாய்ப்பு 90 சதவீதம். அதாவது இப்படிப்பட்ட பத்து லாட்டில் ஒன்பது தடையில்லாமல் வெளியே போகும். கைக்கணக்கு ஒன்று உண்டு: பார்த்ததில் ஒன்றுகூடப் பழுதில்லை என்றால், 3-ஐ பார்த்த எண்ணிக்கையால் வகுங்கள். 60 பார்த்தால், பழுது 5 சதவீதத்துக்குள் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது. சாம்பிள் சோதனைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையின் வழக்கமான நிலையில் 501 முதல் 1200 வரையுள்ள லாட்டுக்கு 80 சாம்பிள், ஏக்யூஎல் (சதவீதத்தில் சொல்லும் ஏற்கத்தக்க தர வரம்பு) 1.0 என்றால் 2 பழுது வரை ஏற்கலாம், 3 வந்தால் முழு லாட்டும் நிராகரிப்பு. இதை '1 சதவீதம் பழுது அனுப்பலாம்' என்ற அனுமதிச் சீட்டாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். அது அப்படி இல்லை. கண்ணில் பட்ட பழுதை ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது அளவுகோல். 20 மி.மீ. ஷாஃப்ட், கூடுதல் குறைவு 0.05 வரை அனுமதி என்றால் மொத்த இடைவெளி 0.1 மி.மீ. கருவி அதில் பத்தில் ஒரு பங்கையாவது, அதாவது 0.01-ஐ, பிரித்துக் காட்ட வேண்டும். 0.02 காட்டும் வெர்னியர் இங்கே பத்தாது, மைக்ரோமீட்டர் வேண்டும். கருவி சரியாக இருந்தாலும் பிடிக்கும் கை மாறினால் அளவு மாறும். 10 உருப்படிகளை 3 பேரிடம் கொடுத்து, முந்தைய அளவைக் காட்டாமல், ஆளுக்கு 2 அல்லது 3 முறை அளக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரே உருப்படிக்கு ஆளாளுக்கு வேறு எண் வந்தால், நீங்கள் ரிஜெக்ட் செய்ததில் எது நிஜமாகவே ரிஜெக்ட் என்று யாருக்கும் தெரியாது.

நல்ல ஆபரேட்டர்கள் செய்யும் தவறு வேறு வகை. முதல் ஷாஃப்ட் 20.03 வந்தது, உடனே மெஷினின் ஆஃப்செட்டை, அதாவது அளவுத் திருத்தத்தை, 0.03 குறைக்கிறார். அடுத்தது 19.98; 0.02 கூட்டுகிறார். அக்கறைதான், ஆனால் கெடுப்பதும் அதுதான். ஒவ்வொரு உருப்படியிலும் இயல்பாகவே கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். போனதன் ஏற்ற இறக்கத்தை வரப்போவதன் தலையில் ஏற்றினால், சிதறல் குறையாமல் ஏறக்குறைய 1.4 மடங்காகப் பெருகும். அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கொண்டுவந்தது எப்போது கை வைப்பது, எப்போது சும்மா இருப்பது என்று பிரித்துக் காட்டத்தான். மணிக்கு 5 உருப்படி அளந்து சராசரியைப் புள்ளியாகக் குறியுங்கள். புள்ளி எல்லைக்கு வெளியே போனாலோ, தொடர்ந்து 8 புள்ளி நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தாலோ காரணத்தைத் தேடுங்கள். மற்றபடி மெஷினைத் தொட வேண்டாம். அந்த எல்லையை டிராயிங்கில் உள்ள அனுமதி அளவிலிருந்து எடுக்கக்கூடாது. 20, 25 முறை எடுத்த அளவுகளிலிருந்தே கணக்கிட வேண்டும்.

ரீவொர்க்கை, அதாவது பழுதானதைத் திரும்பச் சரிசெய்யும் வேலையை, மறைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து கட்ட வேலையில் ஒவ்வொன்றிலும் 98 சதவீதம் முதல் தடவையே சரியாக வந்தால், ஐந்தையும் இடையூறின்றிக் கடப்பது 90 சதவீதம்தான். மீதியைத் தேய்த்து, ஒட்டி, சரிசெய்து அனுப்பிவிட்டு அறிக்கையில் 99 என்று எழுதினால், அந்தக் கூலியும் நேரமும் எங்கே போகிறது என்று கடைசிவரை பிடிபடாது.

சேவையில் இப்படி மறைக்கும் வேலையைச் சராசரி செய்கிறது. பத்து வாடிக்கையாளர், ஒன்பது பேருக்கு 2 நிமிடத்தில் பதில், ஒருவருக்கு 42 நிமிடம். சராசரி 6 நிமிடம். அப்படி 6 நிமிடம் காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை! 'எத்தனை சதவீதம் பேருக்கு 5 நிமிடத்துக்குள் பதில் போனது' என்று கேளுங்கள், கூடவே மிக நீண்ட காத்திருப்பையும் பாருங்கள். புகார் 'முடிந்தது' என்ற எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை வைத்தால் புகார் தீரும் முன்பே மூடப்படும். ஒரு வாரத்துக்குள் மறுபடி திறந்தவற்றையும் எண்ணினால்தான் உண்மை வரும்.

கடைசியாக, காரணம் எழுதும் கட்டம். 'ஊழியரின் கவனக்குறைவு, அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதியிருந்தால், காரணத்தை யாரும் தேடவில்லை என்று பொருள். அதே இடத்தில் வேறொருவர் நின்றாலும் அதே தவறு நடக்குமா என்று கேளுங்கள். இடப்பக்க, வலப்பக்க பிராக்கெட்டுகள் ஒரே நிறப் பெட்டியில் அருகருகே இருந்தால், யார் நின்றாலும் மாறத்தான் செய்யும். பெட்டியின் நிறத்தை மாற்றுவது பாதித் தீர்வு. பிராக்கெட்டைப் பொருத்தும் தாங்கியில் ஒரு பின் வைத்து, தவறான பக்கம் உட்காரவே முடியாதபடி செய்வது முழுத் தீர்வு. பின் வைத்த பிறகு தவறான பிராக்கெட்டை வேண்டுமென்றே பொருத்திப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தினால் உட்கார்ந்துவிடுகிறது என்றால், பின்னின் உயரத்தைக் கூட்ட வேண்டும்.