யுகுலேலே வாசிப்பில் நீங்கள் எந்த நிலை? அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம்

"எத்தனை கார்டு தெரியும்?" சின்ன கிட்டார் மாதிரி இருக்கும் நான்கு கம்பி யுகுலேலே வாசிக்கிறேன் என்றாலே அடுத்து வருகிற கேள்வி இதுதான். கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் பிடி. நானும் இருபது தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நண்பர் பாட, கூடவே வாசிக்க உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே அவர் எங்கோ, நான் எங்கோ. கார்டுக்குக் குறைவில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறத்தான் விரலுக்கு நேரம் போதவில்லை. அந்த மாற்றத்தைத்தான் இங்கே அளக்கப்போகிறோம். கையில் போனும் ஒரு மெட்ரோனோம் ஆப்பும் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று சீராகத் தட்டிக்காட்டுவது) இருந்தால் போதும்.

1. சுருதி

நான்கு கம்பிகள்: ஜி, சி, இ, ஏ. முதலில் சி கம்பியை மட்டும் ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி அல்லது ஆப்) சேர்த்துவிட்டு ட்யூனரை அணைத்துவிடுங்கள். சி கம்பியை 4ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள்தான் ஃபிரெட்) அழுத்தினால் வருவது இ. இ கம்பியின் 3ஆம் ஃபிரெட்டில் ஜி, 5ஆம் ஃபிரெட்டில் ஏ. இதை வைத்துக் காதாலேயே மற்ற மூன்றையும் சேர்த்துவிட்டு ட்யூனரில் சரிபாருங்கள். கிட்டத்தட்ட வந்திருந்தால் உங்கள் காது நல்ல காது. வராவிட்டாலும் பரவாயில்லை, ட்யூனரை வைத்தே சேர்த்துக்கொண்டு மேலே போகலாம்.

2. ஒவ்வொரு கம்பியாக

சி, ஏ மைனர், எஃப், ஜி7 என்று நான்கு கார்டுகள். ஒவ்வொன்றையும் பிடித்து, ஸ்ட்ரம் செய்யாமல் (எல்லாக் கம்பிகளையும் ஒரே வீச்சில் மீட்டாமல்) நான்கு கம்பிகளையும் தனித்தனியாக மீட்டுங்கள். ஸ்ட்ரம் பல பிழைகளை மூடிவிடும், இது மூடாது. பெரும்பாலும் மாட்டுவது எஃப்தான். இ கம்பியின் முதல் ஃபிரெட்டில் இருக்கும் ஆள்காட்டி விரல் லேசாகச் சாய்ந்து பக்கத்து ஏ கம்பியைத் தொட்டுவிடும். 'டிங்' வரவேண்டிய இடத்தில் 'டப்' என்று வரும். விரலைக் கொஞ்சம் நிமிர்த்தி, நுனியால் அழுத்தினால் சரியாகிவிடும்.

3. ஒரு நிமிடக் கணக்கு

60 விநாடி டைமர் வையுங்கள். எஃப், ஜி7 என்று மாற்றி மாற்றிப் பிடித்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஸ்ட்ரம். எத்தனை மாற்றம் என்று எண்ணுங்கள். தெளிவாக ஒலிக்காததைச் சேர்க்கவேண்டாம் (இதில் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது ரொம்ப சுலபம்). என் கணக்கு இது: 20க்குக் கீழே என்றால் தொடக்கம். 30 தாண்டினால் எளிய பாட்டுகள் கைக்கு அடங்கும். 60 வந்தால், அதாவது விநாடிக்கு ஒன்று, இந்த ஜோடியைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

4. நிற்காமல் நான்கு சுற்று

மெட்ரோனோமை 60ல் வைத்து, அந்த நான்கு கார்டுகளையும் ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டு என்று வாசியுங்கள். நான்கு சுற்றுக்கு 64 தட்டு, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். தப்பான கம்பி ஒலித்தால் ஒலிக்கட்டும், வலது கை மட்டும் நிற்கக் கூடாது. கூடவே ஒருவர் பாடினால் பிழையை அவர் கவனிக்காமலே போகலாம், நின்றால் கட்டாயம் தெரியும். சரியாக வந்தால் 80, அப்புறம் 100.

இ, பி ஃபிளாட் போன்ற அடம்பிடிக்கும் கார்டுகளை வைத்து உங்கள் நிலையைத் தீர்மானிக்காதீர்கள். நன்றாக வாசிப்பவர்களும் இ கார்டைத் திட்டிக்கொண்டேதான் பிடிக்கிறார்கள்.

5. பதிவு

நான்காவது படியை மெட்ரோனோம் இல்லாமல் போனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்கவேண்டாம், மறுநாள் கேளுங்கள். சி, ஏ மைனரில் வேகம் பிடித்து, ஜி7 வரும்போது இழுக்கிறதா? இழுக்கிற அந்த இடம்தான் இப்போதைக்கு உங்கள் நிலை. தினமும் ஐந்து நிமிடம் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பழகுங்கள். பதிவுக்குத் தேதியைப் பெயராக வைத்து அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த மாதம் இன்னொன்று எடுத்ததும் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கலாம்.