டிஎம்டி (டுஷேன்ங்கற தசைச் சிதைவு நோய்) ஜீன் ரிப்போர்ட்ட நாமளே எப்படி படிச்சு புரிஞ்சுக்கிறது

என் அக்கா பையனுக்கு நாலரை வயசு இருக்கும்போது, தரையில உக்காந்து விளையாடிட்டு எந்திரிக்கிறப்ப மொதல்ல மண்டி போட்டு ரெண்டு கையையும் தரையில ஊனுவான், அப்புறம் கைய முழங்கால்ல வச்சு, அங்கருந்து தொடையில வச்சு, தன் உடம்பு மேல தானே ஏறி வர்ற மாதிரி நிமிருவான். கெண்டைக்கால் நல்லா திரண்டு இருக்கும், பலமான புள்ளன்னு சந்தோஷப்பட்டோம். ரத்த டெஸ்ட்ல எஸ்ஜிபிடி எஸ்ஜிஓடி ஏறியிருந்ததால ஈரல்ல கோளாறுன்னு எட்டு மாசம் சிரப் குடுத்தாங்க. அந்த ரெண்டு என்சைமும் தசையிலயும் இருக்கு, தசை உடைஞ்சாலும் ரத்தத்துல ஏறும்னு எங்களுக்கு அப்ப தெரியாது. அதனால ஆம்பள புள்ள இப்படி எந்திரிச்சா, மாடிப்படி ஏற சிரமப்பட்டா, மொதல்ல சிகே (தசை உடைஞ்சா ரத்தத்துல ஏறுற இன்னொரு என்சைம்) டெஸ்ட் எடுத்துருங்க. சாதாரணமா 200 பக்கத்துல இருக்க வேண்டியது டுஷேன் புள்ளைங்களுக்கு பெரும்பாலும் 10,000த்தையும் தாண்டி நிக்கும்.

அடுத்து ஜீன் டெஸ்ட். அந்த ரிப்போர்ட் கைக்கு வந்தா தலைகால் புரியாது, அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல டிஸ்ட்ரோபின்னா என்னன்னு பாத்துருவோம். பந்தல் போட்டா காத்துல பறக்காம இருக்க கயித்த முளைக்குச்சியில இழுத்து கட்டுவோம்ல, தசை செல்லுக்குள்ள அந்த கயிறுதான் இது. ஒரு முனை உள்ள இருக்கிற ஆக்டின் இழையில, இன்னொரு முனை செல்லோட சவ்வுல இருக்கிற புரதக் கூட்டத்துல. தசை சுருங்கி விரியிற ஒவ்வொரு தடவையும் சவ்வு கிழியாம தாங்குறது இதுதான். இதே குடும்பத்துல யூட்ரோபின்னு ஒன்னு இருக்கு, வளர்ந்து முடிஞ்ச தசையில அது நரம்பு வந்து சேர்ற இடத்துலதான் அதிகமா இருக்கும், அதனால டிஸ்ட்ரோபின் இல்லாத குறைய அதால முழுசா ஈடுகட்ட முடியல. 1987ல பாஸ்டன்ல லூயிஸ் குங்கல் டீம் டிஸ்ட்ரோபின்ன கண்டுபிடிச்சாங்க. இதுக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, 79 எக்ஸான், அதாவது 79 துண்டு சேர்ந்த ஜீன்.

இப்ப ரிப்போர்ட்ட எடுங்க. எம்எல்பிஏன்னு போட்டிருந்தா அது எந்த எக்ஸான் காணோம், எந்த எக்ஸான் ரெண்டு தடவ வந்திருக்குன்னு எண்ணிப் பாக்குற டெஸ்ட். ஹெமிசைகஸ்னு இருந்தா பயப்படாதீங்க, பசங்களுக்கு எக்ஸ் ஒன்னுதான், அதத்தான் அப்படி எழுதுறாங்க. டெலிஷன், அதாவது காணாம போனதுங்கற வரியில எக்ஸான் நம்பர் இருக்கும், அத பென்சில்ல வட்டம் போடுங்க.

அப்புறம்தான் முக்கியமான கணக்கு. ஜீன மூணு மூணு எழுத்தாத்தான் செல் படிக்கும். "அக்கா வந்து பாட்டு கேட்டா", எல்லாமே மூணெழுத்து வார்த்தை. "வந்து" முழுசா போனா "அக்கா பாட்டு கேட்டா", கொஞ்சம் குறைஞ்சாலும் அர்த்தம் நிக்குது. "வ" மட்டும் போனா "அக்கா ந்துபா ட்டுகே ட்டா", அங்கருந்து எல்லாமே குழம்பிருச்சு. காணாம போன எழுத்து மூணால வகுபட்டா கயிறு நடுவுல குட்டையானாலும் ரெண்டு முனையும் கட்டியிருக்கும், அது பெரும்பாலும் பெக்கர், கொஞ்சம் லேசான வகை. வகுபடலன்னா கயிறு பாதியிலயே அறுந்து போகும், சவ்வுல கட்டுற முனையே உருவாகாது, அது டுஷேன்.

அதிகமா டெலிஷன் வர்ற பகுதியோட நீளத்த தர்றேன், குறிச்சுக்கோங்க: எக்ஸான் 45ல 176 எழுத்து, 46ல 148, 47ல 150, 48ல 186, 49ல 102, 50ல 109, 51ல 233, 52ல 118. எங்க பையனுக்கு 48லருந்து 50 வரைக்கும் இல்ல. 186, 102, 109 கூட்டினா 397, மூணால வகுத்தா ஒன்னு மிச்சம். அந்த ஒன்ன பாத்துட்டு அக்கா ரொம்ப நேரம் பேசவே இல்ல. 45லருந்து 47 வரைக்கும் போயிருந்தா 474, மிச்சமே இல்லாம வகுபடும், அதுவும் மூணு எக்ஸான்தான் ஆனா நிலைமையே வேற.

இன்னொரு கூட்டலும் போடுங்க. 397 கூட 51ஓட 233ஐ சேர்த்தா 630, சரியா வகுபடுது. அதாவது 51ஐ செல் தாண்டிப் போக வச்சா குட்டையான கயிறாவது கிடைக்கும், எக்ஸான் ஸ்கிப்பிங்னு சொல்றது இதத்தான். 2016ல அமெரிக்காவுல அனுமதி வாங்குன எட்டெப்லிர்சென் மருந்து இந்த கணக்குலதான் வேலை செய்யுது, குணமாக்குற மருந்து இல்ல, விலையும் பயங்கரம், ஆனா ட்ரையல் எதாவது வந்தா உங்க புள்ள அதுல சேருவானான்னு கேக்க இந்த நம்பர் வேணும்.

கணக்கு மட்டும் வச்சு முடிவு பண்ணிராதீங்க, பத்துல ஒரு பங்கு கேஸ்ல விதி மாறும், புள்ள எப்படி நடக்கிறான்ங்கறத பாத்துட்டுத்தான் டாக்டர் சொல்லணும். ஒரே ஒரு எக்ஸான் மட்டும் காணோம்னு எம்எல்பிஏ சொன்னா, வேற முறையில உறுதி பண்ணியாச்சான்னு கேளுங்க, சின்ன எழுத்து மாற்றம் கூட அப்படி ஏமாத்தும். எம்எல்பிஏல ஒன்னும் இல்லன்னு வந்தா நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல, ஜீன எழுத்து எழுத்தா படிச்சு பாக்குற சீக்வென்சிங் பண்ணணும்.

அம்மாவுக்கும் டெஸ்ட் எடுக்கணும், தயவுசெஞ்சு இத தள்ளிப் போடாதீங்க, ஆனா அம்மாவ குத்தம் சொல்லவும் விடாதீங்க. ஏறக்குறைய மூணுல ஒரு கேஸ்ல அம்மா கேரியரே (மாறுன ஜீன சுமக்கிறவங்க) இல்ல, புதுசா வந்த மாற்றம். கேரியரா இருந்தா அவங்க இதயத்தையும் எக்கோ எடுத்து பாக்கணும், அக்கா தங்கச்சிங்களுக்கும் சொல்லணும். இல்லன்னு வந்தாலும் அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாடி ஜெனடிக் கவுன்சிலர பாருங்க, கருமுட்டையில மட்டும் மாற்றம் ஒளிஞ்சிருக்கலாம்.

ரிப்போர்ட்ட ஜெராக்ஸ் எடுத்து ஒன்ன ஸ்கூல் பையிலயும் வைங்க. பல்லுக்கோ கைக்கோ எதுக்கு மயக்கம் குடுக்கிறதா இருந்தாலும் மயக்க டாக்டர் கையில மொதல்ல அத குடுத்துட்டு, சக்சினைல்கோலின்ங்கற மருந்து போடக்கூடாதுன்னு வாயத் திறந்து சொல்லுங்க.