கல்லாப்பெட்டி காலியாகும் தேதி: டெக், சில்லறை வணிகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிறுவனம் பல ஆண்டுகள் நட்டத்திலேயே ஓடிவிடலாம். ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் போடப் பணம் இல்லையென்றால் அன்றே சிக்கல் வாசலுக்கு வந்துவிடும். லாப நட்டக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மேசைக்கு வரும், பாக்கி கேட்கும் சப்ளையர் அதுவரை பொறுக்கமாட்டார். கீழே சொல்லும் தவறுகள் பார்வைக்கு வெவ்வேறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: பணம் எந்தத் தேதியில் வெளியே போகிறது, எந்தத் தேதியில் உள்ளே வருகிறது என்று பார்க்காமல், விற்பனைக் கோடு மேலே ஏறுவதை மட்டும் பார்ப்பது.

ஒரு ஆர்டரில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்காமல் விரிவது

ஆன்லைனில் 100க்கு விற்கும் பொருளின் அடக்கம் 72 என்றால், 28 சதவீத மொத்த லாபம் என்று சந்தோஷமாக எழுதிவிடுவார்கள். அதே ஆர்டருக்கு டெலிவரி 12, கூப்பன் தள்ளுபடி 6, திரும்பி வரும் சரக்கின் இழப்பைப் பங்கிட்டால் 5, பேக்கிங் 2, பேமென்ட் கட்டணம் 2, வாடிக்கையாளர் சேவை ஒன்றரை. கூட்டினால் 100.50 ஆகிறது. விளம்பரச் செலவையும் அலுவலக வாடகையையும் இன்னும் தொடவே இல்லை, அதற்குள் ஆர்டருக்கு அரை ரூபாய் கைவிட்டுப் போகிறது. இந்த நிலையில் ஆர்டர்களைப் பத்து மடங்காக்கினால் நட்டமும் பத்து மடங்காகும்.

"அளவு பெருகினால் செலவு குறைந்துவிடும்" என்பது இங்கே வழக்கமாக வரும் சமாதானம். எந்தச் செலவு குறையும் என்று வரி வரியாகக் கேட்க வேண்டும். பேக்கிங் கொஞ்சம் குறையும். ஒரே தெருவில் பல ஆர்டர் கிடைத்தால் டெலிவரி குறையும். ஊரெல்லாம் சிதறிக் கிடந்தால் குறையாது. திரும்பி வரும் சரக்கும் கூப்பனும் அளவோடு சேர்ந்து கூடத்தான் செய்யும்.

மூவிபாஸ் என்ற அமெரிக்கச் சினிமாச் சந்தா நிறுவனம் இதற்கு ஏறக்குறைய பாடப்புத்தக உதாரணம். 2017 ஆகஸ்டில் மாதம் 9.95 டாலர் கட்டினால் தினம் ஒரு படம் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். அப்போது அமெரிக்காவில் ஒரு டிக்கெட்டின் சராசரி விலை 9 டாலர் அளவில் இருந்தது. பெரும்பாலான தியேட்டர்களுக்கு நிறுவனம் முழு விலையையும் கட்டியது. அதாவது சந்தாதாரர் மாதத்தில் இரண்டாவது படத்துக்குப் போனாலே நட்டம். 2018 நடுவில் சந்தாதாரர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். ஜூலையில் பணம் கட்ட முடியாமல் சேவையே நின்று, அவசரக் கடன் வாங்கி மறுபடி ஓட்டினார்கள். 2019 செப்டம்பரில் கடை கட்டியாயிற்று. உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டிவிட்டு வராதவர்களால் லாபம் கிடைக்கும். சினிமாவுக்குச் சந்தா கட்டுபவர் படம் பார்க்கத்தான் கட்டுகிறார்.

சந்தாக் கணக்கில் விலகுபவர்களை மறப்பது

ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 300 செலவு, அவர் மாதம் 25 மிச்சம் தருகிறார் என்றால், "12 மாதத்தில் போட்டது திரும்பிவிடும்" என்று முதலீட்டாளருக்குக் காட்டும் அட்டவணையில் எழுதியிருக்கும். யாருமே விலகாவிட்டால்தான் அது சரி. மாதம் 5 சதவீதம் பேர் விலகினால் 100 பேரில் ஓராண்டு முடிவில் 54 பேர்தான் இருப்பார்கள், போட்ட பணம் திரும்ப 18 மாதம் ஆகும். விலகல் 8 சதவீதமானால் மிஞ்சுவது 37 பேர், பணம் திரும்ப ஏறக்குறைய 39 மாதம். மூன்று சதவீதம் கூடியதற்குக் காத்திருப்பு இரட்டிப்புக்கும் மேல்! அந்த 39 மாதமும் சம்பளத்தை யார் போடுவது?

இன்னொரு கண்கட்டு, சராசரி. பழைய வாடிக்கையாளர்கள் நிலைத்திருப்பதால் மொத்த விலகல் குறைவாகத் தெரியும். போன மாதம் தள்ளுபடி பார்த்துச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் போயிருப்பார்கள். எந்த மாதம் சேர்ந்தார்களோ அந்த மாதத்துக்கு ஒரு வரிசை போட்டு, 1, 3, 6, 12 மாத முடிவில் எத்தனை பேர் மிச்சம் என்று தனித்தனியே எழுதுங்கள். புதிய வரிசைகள் பழையவற்றைவிட வேகமாகக் கரைந்தால், விளம்பரத்துக்கு இன்னும் பணம் கொட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

ஆண்டுச் சந்தாவை முன்பணமாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கியில் இருக்கும் அந்தப் பணத்தில் பதினொரு மாதச் சேவை இன்னும் பாக்கி. அதை எடுத்துப் புது அலுவலகத்துக்கு முன்பணம் கட்டினால், பழைய வாடிக்கையாளருக்குச் சேவை தர புது வாடிக்கையாளரின் பணம் தேவைப்படும். சேர்க்கை ஒரு மாதம் சறுக்கினால் போதும். கிஃப்ட் கார்டு விற்ற பணமும் இதே ரகம்.

சப்ளையர் தரும் கெடுவைச் சொந்தப் பணமாக நினைப்பது

சில்லறை வணிகத்தில் எல்லோரும் கடைசியாகக் கவனிப்பதும், முதலில் கழுத்தைப் பிடிப்பதும் இதுதான். கணக்கு எளிது. சரக்கு விற்க 90 நாள், விற்ற பணம் கைக்கு வர 5 நாள், சப்ளையருக்குக் கட்ட 60 நாள் கெடு. 90 + 5 − 60 = 35 நாள். இந்த 35 நாளுக்கு நீங்கள் சொந்தப் பணம் போட்டு ஓட்ட வேண்டும். ஒரு நாள் கொள்முதல் 10 என்றால் 350 முடங்கும்.

இப்போது நிறுவனத்தைப் பற்றி ஒரு கெட்ட செய்தி கசிகிறது. நீங்கள் பாக்கியைக் கட்டாமல் போனால் சப்ளையருக்கு ஈடு கொடுக்கும் கடன் காப்பீட்டு நிறுவனம், உங்கள் பெயருக்கான வரம்பைக் குறைக்கிறது. காப்பீடு இல்லாமல் 60 நாள் கெடு தர சப்ளையருக்குத் துணிவில்லை, 15 நாள் என்கிறார். இடைவெளி 80 நாளாகிறது, முடங்கும் பணம் 800. விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையாமலே, புதிதாக 450 தேவை. அது கிடைக்காவிட்டால் சரக்கு வராது. சரக்கு வராவிட்டால் அலமாரி காலி. காலி அலமாரியைப் பார்த்தவர் அடுத்த முறை வேறு கடைக்குப் போவார். அப்போதுதான் விற்பனை விழத் தொடங்கும். வெளியே இருப்பவர்கள் விற்பனை விழுந்ததால் கடை போயிற்று என்பார்கள். நடந்த வரிசை பெரும்பாலும் தலைகீழ்.

டாய்ஸ் ஆர் அஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கடைச் சங்கிலி விழுந்தது இப்படித்தான். 2005இல் முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து, பெரும்பகுதியைக் கடனாகத் திரட்டி, 660 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கின. அந்தக் கடன் நிறுவனத்தின் தலையிலேயே ஏறியது. 2017 வாக்கில் சுமார் 500 கோடி டாலர் கடன், வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 40 கோடி டாலர் அளவில். அந்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் திவால் பேச்சு செய்தியில் வந்தது. ஒரு வாரத்துக்குள் சப்ளையர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் ரொக்கம் இல்லாமல் சரக்கு அனுப்ப மறுத்ததாக நீதிமன்ற ஆவணம் சொல்கிறது. கிறிஸ்துமஸுக்காகச் சரக்கு குவிக்க வேண்டிய நேரம் அது. அம்மாதம் 18ஆம் தேதி திவால் மனு, அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடைகள் மூடல். வட்டிக்குப் போன பணத்தில் கடைகளைப் புதுப்பித்திருக்கலாம் என்பது பலரும் சொல்வது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒரு வாரம்.

எனவே: பெரிய பத்து சப்ளையர்களின் கெடு, அவர்களுக்குக் காப்பீடு உண்டா, மாற்று யார் என்று ஒரு தாள் எப்போதும் தயாராக இருக்கட்டும். பணத் தட்டுப்பாடு வந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதிக்காதீர்கள். பத்துப் பேருக்குத் தாமதித்தால் பத்துப் பேரும் பேசுவார்கள். கெடு நாளுக்கு முன்பே கூப்பிட்டு, புதிய தேதி சொல்லி, அந்தத் தேதியில் கட்டுவதுதான் கெடுவைக் காப்பாற்றும்.

நீண்ட கடப்பாடு, குறுகிய வரவு

தன்னை டெக் நிறுவனம் என்று சொல்லிக்கொண்ட வீவொர்க், அலுவலகக் கட்டடங்களைச் சராசரியாக 15 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, மாதக் கணக்கில் வாடகைக்கு விட்டது. 2019இல் பங்கு வெளியீட்டுக்காகத் தாக்கல் செய்த ஆவணத்தின்படி, கட்ட வேண்டிய குத்தகை சுமார் 4,700 கோடி டாலர். வாடிக்கையாளர்கள் ஒப்பந்தமாகத் தர வேண்டியது 400 கோடி டாலர். பங்கு வெளியீடு நின்றது, 2023 நவம்பரில் திவால் மனு. இதில் டெக் எங்கே இருந்தது என்று இன்றும் கேட்கலாம். வருமானம் எத்தனை மாதத்துக்கு உறுதியோ, கடப்பாடும் அதை ஒட்டி இருக்க வேண்டும். முடியாதபோது, இடையில் விலகும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அதற்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

ஒரே மூச்சில் அகலக் கால் வைப்பதும் இதன் உறவுதான். வெப்வேன் என்ற ஆன்லைன் மளிகை நிறுவனம், முதல் கிடங்கு சரியாக ஓடுகிறதா என்று தெரியும் முன்பே, 1999இல் 100 கோடி டாலருக்குக் கிடங்குகள் கட்ட ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் முடிந்தது. டார்கெட் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி 2013 மார்ச்சில் கனடாவில் முதல் கடைகளைத் திறந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் 124 கடை ஆக்கியது. புதிய கணினி அமைப்பில் பொருட்களின் அளவு, ஒரு பெட்டியில் எத்தனை என்பது போன்ற விவரங்களை அவசரமாகத் தவறாக ஏற்றிவிட்டார்கள். விளைவு, கிடங்கு பிதுங்க, கடை அலமாரி காலி. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். புது இடத்தில் மூன்று கடை, ஒரு முழுப் பருவம், சரக்குப் பதிவில் பிழை எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் நான்காவது கடை.

வாடிக்கையாளரை அடுத்தவரிடம் ஒப்படைப்பது

பார்டர்ஸ் புத்தகக் கடை 2001இல் தன் ஆன்லைன் விற்பனையை அமேசானிடம் கொடுத்தது. 2008இல்தான் சொந்தத் தளம் திறந்தது. 2011இல் கடையே இல்லை. அடுத்தவர் தளத்தில் விற்பது தவறல்ல. வாங்கியவர் யார், அவர் மறுபடி எப்போது வாங்கினார் என்ற விவரம் உங்களிடம் இல்லாமல் போவதுதான் தவறு.

காப்பாற்றப் போய்க் கெடுப்பது

தடுமாறும் நிறுவனத்தில் முதலில் வெட்டுவது சம்பளத்தை. சர்க்யூட் சிட்டி என்ற அமெரிக்க மின்னணுப் பொருள் கடைச் சங்கிலி 2007 மார்ச்சில், அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று 3,400 கடை ஊழியர்களை நீக்கி, குறைந்த சம்பளத்தில் வேறு ஆள் தேடியது. டிவி வாங்க வருபவருக்கு வித்தியாசம் விளக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். 2008 நவம்பரில் திவால். வெட்டும் முன் ஒரு கேள்வி: வாடிக்கையாளர் இந்தக் கடைக்கு வருவதற்கான காரணத்தை வெட்டுகிறோமா?

ஜேசி பென்னி என்ற அமெரிக்கப் பல்பொருள் கடைச் சங்கிலி வேறு வழியில் போனது. 2012இல் கூப்பன்களையும் தள்ளுபடி விற்பனைகளையும் எடுத்துவிட்டு, தினமும் ஒரே நியாய விலை என்றது. யோசனை கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சில கடைகளில் முதலில் சோதிக்காமல் எல்லாக் கடையிலும் ஒரேயடியாக மாற்றினார்கள். அந்த நிதியாண்டில் விற்பனை சுமார் 1,730 கோடி டாலரிலிருந்து 1,300 கோடி டாலருக்கு விழுந்தது. அவசியம் என்று தோன்றும் விலை மாற்றத்தையும் நூற்றில் ஐந்து கடையில் எட்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

தள்ளுபடியைக் கூட்டுவதும் அதே அளவு ஆபத்து. 60 அடக்கத்தில் 100க்கு விற்கும் பொருளுக்கு 20 சதவீதம் குறைத்தால் மிச்சம் 40இலிருந்து 20 ஆகும். பழைய மிச்சம் கிடைக்க இரட்டிப்பு எண்ணிக்கை விற்க வேண்டும். தேங்கிய சரக்கைப் பணமாக்கத் தள்ளுபடி சரி. ஓடும் சரக்குக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் முதலுக்கே மோசம்.

நல்ல காலத்தில் கையிருப்பைக் காலி செய்வதும் இந்தப் பட்டியலில் வரும். பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற வீட்டுச் சாமான் கடைச் சங்கிலி 2004 முதல் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க 1,180 கோடி டாலர் செலவிட்டது. 2023 ஏப்ரலில் திவால் மனு போட்டபோது, அலமாரியை நிரப்பவே பணம் இல்லாமல் மாதங்கள் ஆகியிருந்தன.

பதின்மூன்று வாரத் தாள்

இதற்கெல்லாம் கருவி ஒரு தாள்தான். 13 கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு வாரம். மேலே வரவு: பில் போட்ட தேதியில் எழுதக்கூடாது, பணம் வங்கிக்கு வரும் தேதியில் எழுத வேண்டும். கீழே சம்பளம், வரி, வாடகை, வட்டி, சப்ளையர் ஒவ்வொருவரும் தனி வரி. வார முடிவு இருப்பை அடுத்த வாரத் தொடக்கமாகக் கொண்டுபோங்கள். எந்த வாரம் இருப்பு மிகக் குறைவோ, அந்த வாரம்தான் உங்கள் நிறுவனத்தின் உண்மையான நிலை. பிறகு வரவை 15 சதவீதம் குறைத்து ஒருமுறை, சப்ளையர் கெடுவைப் பாதியாக்கி இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். திங்கள்தோறும் பழைய மதிப்பீட்டையும் நடந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாவிட்டால் தாள் அலங்காரம்தான்.

தாள் சிவப்பைக் காட்டியதும் எந்தக் கடையை மூடுவது என்ற பேச்சு வரும். அங்கேயும் ஒரு குழி உண்டு. ஒரு கடை 30 மொத்த லாபம் ஈட்டி, தன் வாடகைக்கும் ஆட்களுக்கும் 25 செலவழிக்கிறது. கையில் 5 மிச்சம். தலைமை அலுவலகச் செலவில் 8ஐ அதன் தலையில் கட்டியதும் 3 நட்டம் என்று அறிக்கை சொல்லும். மூடினால் அந்த 8 எங்கும் போகாது, மற்றக் கடைகளின் மேல் ஏறும். நிறுவனம் 5ஐ இழக்கும். அந்த 8ஐ மீதிக் கடைகளுக்குப் பங்கிட்டதும் இன்னொரு கடை நட்டத்துக்குள் சரியும், அதையும் மூடச் சொல்வார்கள். குத்தகை இன்னும் நான்கு ஆண்டு பாக்கியிருந்தால் காலிக் கடைக்கும் வாடகை ஓடும். மூடும் பட்டியலைத் தயாரிக்கும்போது, மூடிய மறுநாள் உண்மையிலேயே நின்றுபோகும் செலவுகளை மட்டும் எழுதுங்கள்.