சாரல் காலத்தில் ஓயாத டாரெண்ட்

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் கரண்ட்டை நம்ப முடியாது. அதனால் பேட்டரியில் ஓடும், திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, லினக்ஸ் ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் நகல்) கோப்புகளை டாரெண்டில், அதாவது பயனர்கள் தங்களுக்குள் துண்டு துண்டாகப் பகிரும் முறையில், இறக்கவும் பகிரவும் விட்டிருக்கிறேன். திரையில்லாத பெட்டிக்கு, பின்னணியில் ஓடும் டாரெண்ட் மென்பொருளான டிரான்ஸ்மிஷன்-டீமன் போதும்.

'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிரான்ஸ்மிஷன்-டீமன்' என்று அடித்தால் பின்னணிச் சேவையாகவே ஓடத் தொடங்கிவிடும். பெட்டி பூட் ஆகும்போதெல்லாம் தானே எழும்.

ஒரு ராத்திரி முழுக்க நான் முட்டிக்கொண்டது இதற்கு அப்புறம்தான். அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி-க்குள் டிரான்ஸ்மிஷன்-டீமன் ஃபோல்டரில் செட்டிங்ஸ்.ஜேசன் இருக்கும். சேவை ஓடும்போதே அதைத் திருத்தி ரீஸ்டார்ட் கொடுத்தேன். திருத்தியதெல்லாம் மாயம்! டீமன் நிற்கும்போது தன் நினைவில் உள்ள பழைய அமைப்பைக் கோப்பின் மேல் எழுதிவிடுகிறது. ஆகவே முதலில் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் டிரான்ஸ்மிஷன்-டீமன்', பிறகு திருத்தம், கடைசியில் ஸ்டார்ட்.

அந்தக் கோப்பில், எந்த முகவரிகள் டீமனை அணுகலாம் என்று சொல்லும் ஆர்பிசி-வொயிட்லிஸ்ட்டில் 127.0.0.1, அதாவது அந்தப் பெட்டி மட்டும் இருக்கும். கமா போட்டு உங்கள் வீட்டு நெட்வொர்க்கையும் சேருங்கள், என்னுடையது 192.168.1.*. ஆர்பிசி-பாஸ்வேர்டைச் சாதாரணமாகவே எழுதலாம், டீமன் எழுந்ததும் அதைப் படிக்க முடியாத ஹாஷாக மாற்றிக்கொள்ளும். சரி, இனி போன் பிரவுசரில் பெட்டியின் ஐபி முகவரி, முக்காற்புள்ளி, 9091 என்று அடித்தால் டிரான்ஸ்மிஷன் பக்கம் திறக்கும்.

'பெர்மிஷன் டினைட்' வந்தால் பதற வேண்டாம். சேவை ஓடுவது உங்கள் பெயரில் அல்ல, டெபியன்-டிரான்ஸ்மிஷன் என்ற பயனர் பெயரில். இறக்கும் ஃபோல்டரை, உரிமையாளரை மாற்றும் 'சிஹெச்ஓன்' கட்டளையால் அந்தப் பயனருக்கு எழுதிக்கொடுங்கள். புனலூரிலிருந்து மச்சான் போனில் கேட்டதும் இதைத்தான்.