பாறை ஓவியத்துக்குப் பார்த்தவுடன் வயது சொல்லாதீர்கள்

மத்தியப் பிரதேசத்தில் பாறை ஓவியங்கள் உள்ள பீம்பேட்காவுக்குப் போய்வந்தவர்கள் படம் போட்டால் கூடவே ஒரு வரியும் இருக்கும்: "முப்பதாயிரம் வருடத்துக்கு முந்தைய ஓவியம்." படத்தைப் பார்த்தால் வாளும் கேடயமுமாக ஒருவன் குதிரை மேல் போய்க்கொண்டிருப்பான். மனிதன் குதிரையைப் பழக்கியதே அதிகம் போனால் ஐந்தாறாயிரம் வருடக் கதை. வாளும் ஏறக்குறைய அந்தக் காலத்ததுதான். அந்த வீரர்கள் வரலாற்றுக் காலத்து ஆட்கள்.

இடத்தின் வயதை ஓவியத்தின் தலையில் கட்டுவதால் வரும் குழப்பம் இது. போபாலுக்குத் தெற்கே உள்ள அந்தக் குன்றுகளில் பழைய கற்காலத்திலிருந்தே மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள், அவர்களுடைய கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. 1957இல் ரயிலில் போகும்போது இந்தப் பாறைகளைக் கவனித்த வி.எஸ். வாகண்கர்தான் ஓவியங்களை ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் ஆட்கள் எப்போது வந்தார்கள் என்பது வேறு, எந்தப் படத்தை எப்போது வரைந்தார்கள் என்பது வேறு. இடைக்கற்காலத்து வேட்டைக்காரர் வரைந்த அதே சுவரில் பல்லாயிரம் வருடம் கழித்து வந்தவர்களும் வரைந்திருக்கிறார்கள், பல இடங்களில் பழைய படத்தின் மேலேயே.

அதனால் சுவர் முன் நின்றதும் 'என்ன படம்' என்று தேடுவதற்கு முன் 'எது எதன் மேல் இருக்கிறது' என்று பாருங்கள். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். எந்தக் கோடு அறுபடாமல் ஓடுகிறதோ அது பிந்தியது. ஒரு மானின் வயிற்றுக்குள் யானைக்கால் நுழைவது போலத் தெரிந்தால், அது பெரும்பாலும் ஒரே காட்சி அல்ல, இரண்டு காலத்துப் படங்கள். ஆனால் இதில் முன்பின் மட்டும்தான் தெரியும். இடைவெளி ஒரு நாளா ஓராயிரம் வருடமா என்பதைக் கோடு சொல்லாது.

சிவப்பு என்றால் பழசு, வெள்ளை என்றால் புதுசு என்று ஒரு கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. எல்லா ஊருக்கும் அது பொருந்தாது. பக்கத்தில் காவிக்கல் கிடைத்தவர் காவியால் வரைந்தார், வெண்களிமண் கிடைத்தவர் அதை எடுத்தார்.

"கார்பன் டேட்டிங் செய்தால் தெரிந்துவிடுமே" என்பார்கள். காவியின் சிவப்பு இரும்பு ஆக்சைடு, அதில் கார்பன் கிடையாது. கரியால் வரைந்திருந்தால் பார்க்கலாம். பிரான்ஸின் ஷோவே குகையில் அப்படித்தான் பார்த்தார்கள். காவி ஓவியத்தின் மேல் சுண்ணாம்புப் படிவம் வளர்ந்திருந்தால், அதிலுள்ள யுரேனியம், தோரியம் அளவை வைத்துக் கணக்கிடலாம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு பன்றி ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 வருடம் என்று 2024இல் சொன்னது இந்த வழியில்தான். 'குறைந்தது' என்பதைச் செய்திகளில் விட்டுவிடுவார்கள். கணக்கிட்டது மேலே படிந்த சுண்ணாம்பின் வயதை, ஓவியம் அதற்கு முந்தையது.

நிபுணர்களுக்கும் கண் ஏமாறும். பீம்பேட்காவின் பெரிய குகையில் 55 கோடி வருடத்துக்கு முந்தைய டிக்கின்சோனியா என்ற உயிரினத்தின் தடம் இருப்பதாக 2021இல் பெரிய செய்தி வந்தது. வேறொரு குழு நேரில் போய்ப் பார்த்தபோது அது உதிர்ந்துகொண்டிருந்த மலைத்தேனீக் கூடு!

ஆதிமனிதன் முதலில் கிறுக்கினான், போகப்போக நன்றாக வரையக் கற்றான் என்பது இன்னொரு நம்பிக்கை. 1994இல் ஷோவே கிடைத்ததும் அது ஆட்டம் கண்டது. முப்பதாயிரம் வருடத்தைத் தாண்டிய அந்தச் சிங்கங்களிலும் குதிரைகளிலும் கரியைத் தேய்த்து நிழல் காட்டியிருக்கிறார்கள். பிரான்ஸின் இன்னொரு குகையான லாஸ்கோவின் ஓவியங்கள் அதற்குப் பல்லாயிரம் வருடம் பிந்தியவை. இரண்டையும் பக்கத்தில் வைத்து எது பழசு என்று கேட்டால் பலரும் தப்பாகத்தான் சொல்வார்கள்.

அர்த்தம் சொல்வதிலும் இதே அவசரம். வேட்டை பலிக்க மந்திரமாக வரைந்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். லாஸ்கோவில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை பனிமானுடையவை. சுவரிலோ குதிரையும் காட்டெருமையும் மானும்தான் நிறைந்திருக்கின்றன, பனிமான் ஒன்றே ஒன்று. சாப்பிட்டது ஒன்று, வரைந்தது இன்னொன்று.

அப்புறம், மனிதன் படிப்படியாக ஏறியதாகச் சொல்லும் அந்த ஏணி: வேட்டை, விவசாயம், ஊர், கோயில், நாகரிகம். துருக்கியின் கோபெக்லி தெபே என்ற அகழாய்வு இடம் இந்த வரிசையைக் கலைத்துவிட்டது. பானை செய்யக்கூடத் தொடங்காத, வேட்டையாடியும் காட்டுத் தானியம் சேகரித்தும் வாழ்ந்தவர்கள் கி.மு. 9500 வாக்கில் அங்கே ஐந்து மீட்டருக்கும் உயரமான கல்தூண்களை நட்டு, நரியும் பாம்பும் கழுகுமாகச் செதுக்கினார்கள். மெசபடோமியாவில் எழுத்து வர அதன்பின் ஆறாயிரம் வருடம் ஆனது. சரி, அதற்காக 'உலகின் முதல் கோயில்', 'தொலைந்த நாகரிகம்' என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. யாரும் குடியிருக்காத புனித இடம் என்றுதான் 1995இல் அகழாய்வைத் தொடங்கிய கிளாஸ் ஷ்மிட் கருதினார். பிறகு அங்கேயே வீடுகளும் ஏராளமான அரைகற்களும் அடையாளம் காணப்பட்டன.

நம் பக்கத்திலும் இந்தச் சாய்வு உண்டு. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் காவியால் வரைந்த குறியீடுகளைப் பார்த்ததும் சிந்துவெளி எழுத்து என்று முடிவுகட்டி வாசிக்கவும் தொடங்கிவிடுகிறார்கள். வட்டமும் கோடும் சக்கரமும் உலகம் முழுக்க வரைந்த வடிவங்கள். இரண்டு மூன்று குறி ஒத்துப்போவதை வைத்து ஒரே எழுத்து என்று சொல்ல முடியாது. சிந்துவெளி எழுத்தையே இன்னும் யாரும் எல்லோரும் ஏற்கும்படி வாசித்து முடிக்கவில்லை.

கடைசியாக, எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம்: படம் எடுப்பதற்காகச் சுவரில் தண்ணீர் தெளிப்பது. நனைந்ததும் நிறம் பளிச்சென்று தெரியும், உண்மைதான். ஆனால் காயும்போது பாறைக்குள்ளிருந்து உப்பு மேலே வந்து படியும், கொஞ்சம் கொஞ்சமாக நிறத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும். சாக்பீஸால் ஓவியத்தின் கோடுகளை எடுத்துக்காட்டுவதும் இதே ரகம். மங்கிய ஓவியத்தை அப்படியே படமெடுத்து, டி-ஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளில் போட்டுப் பாருங்கள். வண்ண வேறுபாடுகளைப் பெரிதாக்கி, வெறும் கண்ணுக்குத் தெரியாத கோடுகளையும் அது காட்டும். படமெடுக்கும்போது ஓவியத்துக்குப் பக்கத்தில், சுவரைத் தொடாமல், ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். யானை கையளவா ஆளுயரமா என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.